கோர்ஸ் மாற்றுவது இருக்கட்டும், எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?

போன ஞாயிறு பசியாறப் போன இடத்தில் எங்கள் லோரோங் (சந்து) தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல், இரண்டாம் ஆண்டு. ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்து வைத்தானே தவிர வாயில் போடவில்லை. கடைசியில், "அண்ணே, கோர்ஸ் மாத்தலாம்னு இருக்கேன், அக்கவுண்டிங்குக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றான்.

அப்பா இல்லாத வீடு. அம்மா துப்புரவு வேலை. இவன் ராத்திரியில் சாப்பாடு டெலிவரி ஓடி மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) அனுப்புகிறான், வாடகையும் தங்கையின் பஸ் காசும் அதில்தான். மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இந்தக் கதை இல்லாத லோரோங் எது?

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நம்மிடம் இரண்டே அறிவுரைதான். "எடுத்த படிப்பை விடாதே, தோட்டத்துப் பிள்ளை இஞ்சினியர் ஆவதென்றால் சும்மாவா" என்பது ஒன்று. "மனசுக்குப் பிடித்ததைப் படி" என்பது இன்னொன்று, இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் தன்முனைப்புப் பேச்சாளர், அவர் வீட்டு வாடகையை அவர் பிள்ளை கட்டுவதில்லை. இரண்டையும் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இரண்டையும் கேட்டு நடந்து பார்த்தவன் நான்.

2012-இல் நான் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு முதுகெலும்பில் அடி, செம்பனைக் குலை வெட்டும் வேலை போய்விட்டது. நான் ராத்திரி இரண்டு மணி வரை ஒரு சாப்பாட்டுக் கடையில் தே கலக்கினேன், காலை எட்டு மணி வகுப்பில் தூங்கினேன். மதிப்பெண் சரிந்தது. எனக்கும் கட்டடத்துக்கும் ராசி இல்லை என்று முடிவு கட்டி அக்கவுண்டிங்குக்கு மாறினேன். பழைய படிப்பிலிருந்து கூட வந்தவை தித்தாஸ் மாதிரி நாலைந்து பொதுப் பாடங்கள்தான், கால்குலஸும் கான்கிரீட்டும் அங்கேயே நின்றுவிட்டன. சரி, புதுப் படிப்பு, புது மனுஷன் என்று போய் உட்கார்ந்தேன். அக்கவுண்டிங் வகுப்பிலும் தூங்கினேன்.

அதனால்தான் தம்பியிடம் எந்தப் பாடம் பிடிக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்றுதான் கேட்டேன். மூன்று மணியாம்.

எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும்போது பால் இறங்கிவிடும், கைக்காசும் இறங்கிவிடும், ஆனாலும் அந்த மாதத்துப் பாலை வைத்து மரத்தை யாரும் எடை போட மாட்டார்கள் என்பார். தூக்கமில்லாத ஒரு செமஸ்டரை வைத்து நீ எந்தப் படிப்புக்கு லாயக்கு என்று எடை போடுவதும் அந்த மாதிரிதான்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டு வாரம் ஒழுங்காகத் தூங்கியும் சர்க்கியூட்டைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறதென்றால் தாராளமாக மாறு. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு மாறு. பி.டி.பி.டி.என் கல்விக் கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதானே என்று பையன்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். கடனை விடுங்கள். ஒரு வருடம் தள்ளிப் போனால் ஒரு வருடச் சம்பளம் போகிறது. 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்தே பார்த்தாலும் 20,400 வெள்ளி. எந்தப் பாடங்கள் கூட வரும், கடன் எத்தனை செமஸ்டருக்கு வரும் என்பதை சீனியரிடம் கேட்காதே, அலுவலகத்தில் எழுத்தில் வாங்கு. மாறாமல் இருந்தாலும் செலவு உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: பாடம் பெயிலாகித் திரும்ப எடுத்தால் அதே ஒரு வருடம் வேறு வழியாகப் போகும்.

இதையெல்லாம் அம்மாவிடம் மறைப்பதுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. நானும் மறைத்தேன். நான் ஒரு வருடம் தாமதமாகத்தான் வெளியே வருவேன் என்பது வீட்டுக்குத் தெரிந்தபோது என் தம்பி ஐந்தாம் படிவத்தில் இருந்தான். எஸ்.பி.எம் எழுதிய மறுவாரமே செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டான், ஆறாம் படிவ பேச்சே எடுக்கவில்லை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான், இப்போது மண்டோர் (மேற்பார்வையாளர்). என் பட்டமளிப்புப் படத்தில் அவன்தான் நடுவில் நின்று சிரிக்கிறான்.

நம் லோரோங் தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. அன்று சாயந்திரமே அம்மாவிடம் சொல்லிவிட்டான், நானும் கூடப் போனேன். டெலிவரியை வெள்ளி, சனி ராத்திரிக்கு மட்டும் குறைத்திருக்கிறான். இந்த செமஸ்டர் முடியும் வரை துண்டு விழும் 300 வெள்ளியை நான் தருகிறேன் என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்துவந்து, என் பேரையும் தொகையையும் எழுதி, என்னிடமே காட்டிச் சரிபார்க்கச் சொன்னார்.