சுமித் நாகல் தோற்ற வாரங்களும் செய்திதான்

எங்கள் டென்னிஸ் நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி ஒரு சண்டை வரும். "கிரிக்கெட்டுக்குக் கொடுக்கிற இடத்தில் நூறில் ஒரு பங்காவது நம்ம டென்னிஸ் ஆட்களுக்குக் கொடுத்தால் என்ன?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "ஜெயித்த அன்றைக்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். எனக்கு இரண்டு பேரிடமும் உடன்பாடு இல்லை. கவனம் போதவில்லை என்பது என் குறை அல்ல. வருகிற கவனம் ஆட்டத்தின் பக்கமே திரும்புவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்திய டென்னிஸ் வீரர் சுமித் நாகலையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 16, ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்று. தகுதிச் சுற்றில் மூன்று பேரை வென்று உள்ளே வந்தவர், முன்னணி ஆட்டக்காரர்களுக்குப் போட்டியில் கொடுக்கும் தரநிலையில் (சீடிங்) 31-ம் இடம் பெற்றிருந்த அலெக்சாண்டர் புப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்று நேர் செட்களில் அனுப்பி வைத்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்திய ஆண் ஒருவர் வீழ்த்தி அதற்குள் 35 வருடம் ஓடிவிட்டது. முன்பு செய்தவர் நம்ம ரமேஷ் கிருஷ்ணன். 1989-ல் இதே போட்டியில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார்.

அன்று எந்தச் சேனலைத் திருப்பினாலும் நாகல்தான். ஆனால் என்ன சொன்னார்கள்? 'வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே வைத்திருந்தவர் சாதனை.' அந்த 900 யூரோ, அதாவது சுமார் 80 ஆயிரம் ரூபாய், அவரே 2023 செப்டம்பரில் ஒரு பேட்டியில் சொன்னது. வருடம் முழுக்கப் போட்டிகளுக்குப் போய்வர ஒரு கோடி ரூபாய் வரை தேவைப்படுகிறது, ஜெர்மனியில் பயிற்சி எடுத்த அகாடமிக்குப் பணம் கட்ட முடியவில்லை என்றெல்லாம் அப்போது மனம்விட்டுப் பேசியிருந்தார். அது வெளிவர வேண்டிய செய்திதான், மறுக்கவே இல்லை. ஆனால் மெல்போர்னில் ஜெயித்த நாளிலும் அதே வறுமைக் கதைதானா? புப்ளிக் நெடுநெடுவென்று உயரம், சர்வ் இடி மாதிரி இறங்கும். நாகல் ஐந்தடி பத்து அங்குலம்தான். சர்வில் மட்டும் அவரால் ஒரு செட்டை எடுக்க முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓடி, ஃபோர்ஹேண்டில் சுழல் ஏற்றி, எதிராளியை ஓரத்துக்கு இழுத்துத்தான் சம்பாதிக்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு செட்கூட விடாமல் எப்படி ஜெயித்தார் என்று அரை மணி நேரம் பேச விஷயம் இருந்தது. நான் பார்த்தவற்றில் யாரும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து சீனாவின் ஷாங் ஜுன்செங்கிடம் தோற்றார். ஷாங்குக்கு அப்போது 18 வயது. முதல் செட்டை 6-2 என்று எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் 3-6, 5-7, 4-6 என்று நாகல் விட்டார். அவ்வளவுதான், வெளிச்சம் அணைந்துவிட்டது.

மூன்றே வாரத்தில் அவர் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கம் மைதானத்தில் சேலஞ்சர் போட்டி, அதாவது பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளது. பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். டிவியில் பார்க்கும்போது தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது: பந்து மட்டையில் படும் சத்தம். எதிரே ஆடிய இத்தாலிக்காரர் லூகா நார்டி பந்தைச் சுத்தமாக, தட்டையாக அடிக்கிற கை. சத்தம் கணீரென்று வரும். நாகலுடையது சற்று மந்தமாக, உரசினாற்போல வரும். அந்த உரசலில் ஏறும் சுழல்தான் நார்டியின் தோளுயரத்துக்குப் பந்தைக் கிளப்பி அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. முதல் செட் 6-1. இரண்டாவதில் கொஞ்சம் போராட்டம், 6-4. அந்த வாரம் முழுக்க நாகல் ஒரு செட்கூட இழக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கேம் முடிந்ததும் "இன்னும் எத்தனைப்பா?" என்று அந்தப் பெண் கேட்க, அவர் விரலை மடக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தரவரிசையில் நாகல் 98. அந்த எண்ணின் மதிப்பு டென்னிஸ் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடம். அதில் 104 இடம் தரவரிசைப்படி நேரடியாகப் போய்விடும். மீதியில் 16 தகுதிச் சுற்றிலிருந்து வருபவர்களுக்கு, 8 வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்கள் விரும்பிக் கொடுக்கிற இடம். ஆக நூற்றுக்குள் இருந்தால் யாருடைய தயவும் வேண்டாம், பெயர் தானாகப் பட்டியலில் ஏறும். முதல் சுற்றில் தோற்றாலும் பணம் உண்டு. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் அது ஒரு லட்சத்து 20 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். பயிற்சியாளர் சம்பளம், பிசியோ, விமான டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு வீரர் சமாளிப்பது இதை வைத்துத்தான். 900 யூரோ கதையைச் சொன்னவர்கள் அதன் அடுத்த அத்தியாயமாக இதைத்தானே சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். சென்னையில் தோற்ற அதே நார்டி சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச்சில், இந்தியன் வெல்ஸில் நோவாக் ஜோகோவிச்சைத் தோற்கடித்தார். உலகமே யார் இந்தப் பையன் என்று தேடியது. நம் ஊடகங்களிலும் பெரிதாக வந்தது. 'போன மாதம் நுங்கம்பாக்கத்தில் சுமித் நாகலிடம் தோற்றவர்' என்ற ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால், சேலஞ்சர் என்றால் ஏதோ உள்ளூர் கோப்பை என்று நினைப்பவர்களுக்கு அதன் தரம் புரிந்திருக்கும்.

அப்புறம் ஏப்ரலில் மான்டே கார்லோ. களிமண் கோர்ட்டில், கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையான மாஸ்டர்ஸ் 1000 போட்டியின் பிரதான சுற்றில் ஒரு ஒற்றையர் ஆட்டத்தை ஜெயித்த முதல் இந்தியர் நாகல். மட்டியோ அர்னால்டியிடம் முதல் செட்டை இழந்து மீண்டு வந்தார். அடுத்த சுற்றில் ஹோல்கர் ரூனேயிடம் மூன்று செட் வரை நின்று தோற்றார். ஜூலையில் தரவரிசை 68, அவருடைய ஆகச் சிறந்த இடம்.

அடுத்து அவர் தலைப்புச் செய்தி ஆனது செப்டம்பரில். நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக ஆடவில்லை, ஆடுவதற்கு 50 ஆயிரம் டாலர் கேட்டார் என்று டென்னிஸ் சங்கம் சொன்னது. தன் முதுகு வலியையும், நாட்டுக்காக ஆடும்போதும் வீரர்களுக்கு ஊதியம் தருவது வழக்கமான நடைமுறைதான் என்பதையும் அவர் விளக்கினார். அதற்குள் அவரைத் தேசத்துரோகி அளவுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். சங்கத்துக்கும் அவருக்கும் இடையில் யார் பக்கம் நியாயம் என்பதை விவாதிக்கலாம், தவறில்லை. எனக்கு நாகல் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று படுகிறது. தனிநபராகச் செலவு செய்து தன் தரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒருவர் அந்தத் தரத்துக்கு விலை கேட்பது குற்றமா? ஆனால் அன்று திட்டியவர்களில் பெரும்பாலானோர் மான்டே கார்லோ பற்றிக் கேள்விகூடப் பட்டிருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? யார் சொன்னார்கள் அவர்களுக்கு?

நம் ஊடகங்களுக்கு இது வராத கலை என்று யாரும் சொல்ல வேண்டாம். சதுரங்கத்தில் அழகாகச் செய்கிறார்கள். பிரக்ஞானந்தா, குகேஷ் எந்த ஊரில் ஆடுகிறார்கள், எத்தனையாவது சுற்று, டிராவா தோல்வியா, ரேட்டிங் எவ்வளவு ஏறியது என்று நாள்தோறும் வருகிறது. அதைப் படித்துப் படித்தே நம் வீடுகளில் பெரியவர்கள்கூட 'கிளாசிக்கல்', 'ரேபிட்' என்று வித்தியாசம் சொல்கிறார்கள். குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனபோது தமிழ்நாடு கொண்டாடிய விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. அந்தப் பையன் தோற்ற ஆட்டங்களும் நமக்குத் தெரிந்திருந்தன.

டென்னிஸிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். 1997 முதல் 2017 வரை ஆண்களுக்கான சர்வதேச ஏடிபி போட்டி சென்னையில் நடந்தது. வருடத்தின் முதல் வாரம் வந்தால் கார்லோஸ் மோயா யாருடன் ஆடுகிறார் என்பது நுங்கம்பாக்கம் டீக்கடை வரைக்கும் தெரியும். 2008 அரையிறுதியில் மோயாவோடு நாலு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்த நடால், மறுநாள் இறுதியில் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று சுருண்டதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி வரை வந்தபோது ஊரே அவர் பின்னால் நின்றது. 2018-ல் போட்டி புனேக்குப் போனது. போட்டியோடு செய்தியாளர்களின் பழக்கமும் போய்விட்டது. இங்கே ரசனை செத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. 2022-லும் 2025-லும் பெண்களுக்கான டபிள்யூடிஏ சென்னை ஓப்பன் அதே மைதானத்தில் நடந்ததே.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கோவையின் மாயா ராஜேஸ்வரன் 15 வயதில், 2025 பிப்ரவரியில், பெண்களுக்கான சேலஞ்சர் மாதிரியான மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி அரையிறுதி வரை போனார். உடனே 'அடுத்த சானியா' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். சானியா மிர்சா ஒற்றையரில் உலகின் 27-வது இடம் வரை போனவர். அந்தச் சுமையை ஒரு பள்ளி வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, அடுத்த முதல் சுற்றுத் தோல்வியில் 'ஏமாற்றினார்' என்று எழுதக் கூடாது. 15, 16 வயதில் தோற்பது இந்த ஆட்டத்தில் படிப்பு மாதிரி. அதையும் சாதாரணமாக, பதற்றமில்லாமல் பதிவு செய்ய வேண்டும்.

மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் இன்னொருவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பை. தரவரிசையில் 600-க்கும் வெளியே இருந்தவரை ஆடவிட்டார்கள். சில நாள் முன்புதான் யூ.எஸ். ஓப்பனில் மூன்றாம் சுற்று கண்டிருந்த சுவிஸ் வீரர் ஜெரோம் கிம்மை 7-6, 6-3 என்று நேராக வென்றார். நாகல் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் ஜெயித்தார். 3-1 என்று இந்தியா வென்றது. ஐரோப்பிய அணியை ஐரோப்பாவிலேயே இந்தியா வீழ்த்தியது 1993-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஒரு வருடம் முன்பு திட்டு வாங்கிய அதே நாகல்தான் அங்கே இரண்டு புள்ளி எடுத்துக் கொடுத்தார். அவரைத் திட்டிய நண்பர்கள் யாராவது அன்று அவரைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

என் நட்பு வட்டத்தில் பத்திரிகையிலும் சேனலிலும் வேலை செய்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். திங்கள்கிழமைதோறும் விளையாட்டுப் பக்கத்தில் ஆறு வரி கொடுங்கள். நாகல், தட்சிணேஸ்வர், மாயா போன வாரம் எந்த ஊரில் ஆடினார்கள், எந்தச் சுற்று வரை போனார்கள், ஸ்கோர் என்ன, தரவரிசை ஏறியதா இறங்கியதா. படம்கூட வேண்டாம். சேலஞ்சர் ஆட்டங்களை ஏடிபி தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், முடிவுகளும் அங்கேயே கிடைக்கும். தொகுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிறு இரவுக்குள் நான் எழுதி அனுப்புகிறேன். என் பெயர் போட வேண்டிய அவசியமில்லை.