செம்ப்ரா ஏரிக்குப் புறப்படும் முன்

வயநாட்டின் செம்ப்ரா மலையிலுள்ள இதய வடிவ ஏரிக்கு ஒரே நாளில் நடந்து சென்று திரும்பலாம் என்று ஒரு பயணக் கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் காலை உணவை முடித்துக்கொண்டு நிதானமாகப் புறப்படலாம் என்ற அவருடைய யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே வனத்துறை மேலே அனுப்புவதால், முதல்நாள் இரவே மலைக்கு அருகிலுள்ள மேப்பாடி என்ற ஊரில் தங்கி, விடிந்ததும் அனுமதிச்சீட்டு வரிசையில் நின்றுவிடுவது நல்லது. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிய பிறகு பெரும்பகுதி புல்வெளிச் சரிவு, நிழல் அரிது. நாங்கள் தாமதமாக ஏறிய ஒரு டிசம்பரில், உச்சி வெயிலில் என் அக்கா மகளின் காலடியில் சரளைக்கல் உருண்டு, அவள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். காயத்தைக் கழுவக்கூடப் புட்டியில் நாலு மடக்குத் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது.

சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள சிகரத்தைத் தொட்டுவிடும் ஆசையுடன் வருபவர்கள், ஏரிக்கு அப்பால் செல்ல அனுமதி இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கோடையில் காட்டுத்தீ அச்சத்தாலும் மழைக்காலத்தில் மண்சரிவு அச்சத்தாலும் பாதையை மூடிவிடுவதுண்டு என்பதால், கூடலூர் வழியாகச் செல்லும் நம்மவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது அவசியம்.