அட்டைப்பெட்டியும் ஆய்வுக்கருவிதான்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று இரண்டு நாள்கள் பொறுத்திருந்தேன். அந்தப் பிள்ளை தலைகுனிந்து மேடையை விட்டு இறங்கியது கண்ணை விட்டு அகலவில்லை. மருத்துவமனையில் நோயாளரைப் பதியும் இயந்திரத்தின் மாதிரி ஒன்றை அட்டைப்பெட்டியால் செய்து, எட்டு முதியவர்களிடம் பரிசோதித்த அவளுடைய உழைப்பைச் "சிறுபிள்ளை விளையாட்டு" என்று சபை நடுவே சொன்னவருக்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குப் பின்னால் தோழி ஒருத்தி மறைந்திருந்து, முதியவர் சொல்வதைக் கேட்டுத் திரைக்குப் பதிலாக வைத்த தாள்களை மாற்றினாள். இது ஏமாற்று அல்ல, ஆய்வுமுறை. ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோன் கூல்டும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான் நடந்தது. பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரம் கைக்கு வராத அக்காலத்தில், மறைவில் ஒரு தட்டச்சாளரை இருத்தி, இயந்திரத்துக்குத் தெரிந்த சொற்கள் குறைவாக இருந்தால், சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச நேர்ந்தால், மனிதர் எப்படிக் கடிதம் சொல்வார்கள் என்று பார்த்தார்கள். இயந்திரத்தைச் செய்வதற்கு முன்பே மனிதரைக் கவனித்தார்கள். அவள் செய்ததும் அதுவே.

என் அம்மா ஓய்வூதியம் எடுக்க வங்கி இயந்திரத்தின் முன் நின்று, பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திரை தொடக்கத்துக்குத் திரும்பிவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. வீட்டுக்கு வந்து, "எனக்கு அறிவு காணாது" என்றார். அன்றிலிருந்து அட்டையையும் இரகசிய எண்ணையும் அயல்வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறார். ஒரு பெட்டி, நான்கு தாள்கள், ஒரு முதியவர் இருந்திருந்தால் அந்தக் குறை ஒரு பின்னேரத்தில் தெரிந்திருக்கும்.

எட்டுப் பேர் போதுமா என்பார்கள். அவள் யாழ்ப்பாணத்தின் சதவீதத்தை அளக்கவில்லை. எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தாள். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டினால், ஐவரிடம் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்படும் என்பது கருவிகள் பயன்படுத்த எளிதா என்று ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993இல் முன்வைத்த கணக்கின் வழி வருவது. அது எங்கும் பொருந்தாது என்று பின்னர் மறுத்தவர்களும் உண்டு. மெய்யான மருத்துவமனையின் நெரிசலும் நோவும் பெட்டிக்கு முன் இல்லை என்பதும் சரிதான். அதைக் கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். கேட்காமலே சிரித்தீர்கள்.

"நோய் அறிகுறிகள்" என்ற தாளின் முன் முதியவர்கள் வாயடைத்து நின்றதைக் கண்டு, அன்றிரவே அதை மாற்றி "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அவள் எழுதினாள். மறுநாள் வந்தவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். அவளுடைய அறிக்கையில் இதைச் சொல்லும் பக்கத்தை, சிரித்த நீங்கள் புரட்டவே இல்லை.

பிள்ளை, மண்டபத்தில் விட்டுப்போன பெட்டி என்னிடம் இருக்கிறது. வந்து எடுத்துச் செல்லும். இன்னும் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.