சில்லை ஆட்டிப் பார்க்காதவரிடம் அலைன்மன்ட் செய்யாதீர்கள்

ஸ்டீயரிங் நிலைகொள்ளாத காருக்கு அலைன்மன்ட் (சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்வது) செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடையில் என்ன கணினி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். காரைத் தொட்டதும் அந்த மனிதர் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முன்சில்லைத் தூக்கி, இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் நேரே கோணம் அளக்கும் சென்சரைப் பூட்டுகிறவர் என்றால், சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்னுடையது பழைய டொயோட்டா விட்ஸ் கார். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டீயரிங் கையைப் பறிக்கும். நேர் வீதியிலும் ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று தாவும். கிழக்கிலங்கைக் காத்தான்குடியில் பேரீச்சை மரங்களுக்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் நடுவே அப்படியொரு காரை ஓட்டுவது எவ்வளவு பயங்கரம் தெரியுமா? இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு விலகும்போது கார் நாம் நினைத்ததைவிட ஒரு முழம் கூடுதலாகப் போனால் எதிரே வருகிறவர் கதி என்ன?

ஒரு கடையில் காசை வாங்கிக்கொண்டு, திரையில் எல்லாம் பச்சை என்று காட்டி அனுப்பினார்கள். கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் ஸ்டீயரிங் கோணலாக நிற்பது தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டேன். “வீதி இடப்பக்கம் சரிவு அண்ணா, அப்படித்தான் இழுக்கும்” என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நம் வீதிகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பது உண்மை. இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அந்தச் சரிவு காரை மெல்ல இடப்பக்கம்தான் இழுக்கும். வலப்பக்கமும் தாவ வைக்குமா? பாதி உண்மையைச் சொல்லி ஆளை அனுப்புவது பொய் சொல்வதைவிட மோசம்.

கல்முனைப் பக்கம் இன்னொருவரிடம் போனேன். அவர் கணினியை முடுக்கவே இல்லை. முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பார்த்தார். பிறகு முன் டயரின் மேல் என் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவச் சொன்னார். ஒரு திசையில் வழவழப்பு. மறு திசையில் அரம் போல் விரலைப் பிடித்தது. டோ கோணம் (மேலிருந்து பார்க்கையில் சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பிசகி, டயர் உருளும்போதே பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போவதன் அடையாளம் அது. காரைத் தூக்கி, சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். அதில் ஆட்டம் இருந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து சில்லைத் திருப்பும் கம்பியான டை ரொட்டின் முனையில் சந்தேகம். மேலும் கீழுமாக ஆட்டினால் ஆடுகிறதென்றால் சில்லைத் தாங்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் அல்லது சில்லு சுழலும் பெயாரிங். கடைசியில் கம்பியால் நெம்பி சில்லைத் தாங்கும் கீழ்க் கையான லோவர் ஆமைக் காரோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷைக் காட்டினார். ரப்பர் வெடித்துக் கிடந்தது. “இதை மாற்றாமல் அலைன்மன்ட் செய்தால் உங்கள் காசு வீண் தம்பி. மாற்றிக்கொண்டு வாருங்கள்” என்றார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. புஷ் மாற்றிய பிறகு அவரிடமே அலைன்மன்ட் செய்தேன். கார் இப்போது சொன்ன இடத்தில் நிற்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. புஷ் வெடித்திருந்தால் நிற்கும்போது ஒரு கோணம், பிரேக் பிடிக்கும்போது வேறொரு கோணம். நிற்கும்போது எடுத்த அளவை எவ்வளவு நுட்பமாகத் திருத்தினாலும் ஓட்டத்தில் அது நிலைக்காது.

கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கையில் சில்லு சாய்ந்து நிற்கும் அளவு. “கேம்பர் எல்லாம் சரிசெய்துவிட்டோம்” என்று யாராவது சொன்னால், எந்த ஆணியைத் திருப்பினீர்கள் என்று கேளுங்கள். விட்ஸ், வேகன் ஆர் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் வழமையாகத் திருத்தக்கூடியது முன்சில்லின் டோ மட்டும்தான். கேம்பரைத் திருத்தத் தனி ஆணி பூட்ட வேண்டும். ஆனாலும் கேம்பரையும், சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டரையும் அளந்து பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது என்று பொருள். செய்வதற்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற கடைக்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. வேகம் கூடும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் சில்லின் எடை சுற்றிலும் சமமாக இல்லாத பேலன்ஸ் கோளாறு. அதற்கு அலைன்மன்ட் செய்து பயனில்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. நம்மில் பலர் ஓட்டுவது அதற்கு முந்திய கார்கள். புஷ்ஷும் போல் ஜொயின்ட்டும் தேய்ந்திருக்கும் வயது. உதிரிப்பாக விலையோ கையைக் கடிக்கிறது. அதனால் பாகத்தை மாற்றச் சொல்கிறவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். கார் தூக்கி நிற்கும்போதே ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். நேர்மையான பாஸ் (மெக்கானிக்) இதற்குக் கோபிக்க மாட்டார்.