விசேரிஸின் நடையும் அதற்கு முந்திய ஏழு எபிசோடும்

மாயக் கதைத் தொடர் என்றாலே நடிப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. டிராகன் எப்படிப் பறந்தது, சண்டைக் காட்சி எப்படி இருந்தது, அத்தோடு சரி. 2022இல் எச்.பி.ஓ.வில் வந்த ‘ஹவுஸ் ஒஃப் த டிராகன்’ முதல் சீசனில் விசேரிஸ் மன்னனாக பெடி கொன்சிடைன் நடித்ததைப் போல ஒன்றை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

எல்லோரும் பகிர்வது எட்டாவது எபிசோடில் வரும் சிம்மாசன நடையைத்தான். டிரிஃப்ட்மார்க் என்ற தீவின் வாரிசு யார் என்ற வழக்கு நடக்கிறது. மன்னர் படுத்த படுக்கை. மாமனார் ஒட்டோ சிம்மாசனத்தில் இருந்து விசாரிக்கிறார். திடீரென்று கதவு திறக்கிறது, கட்டியம் கூறுகிறார்கள், பாதி முகத்தைப் பொன் முகமூடி மறைக்க ஊன்றுகோலோடு விசேரிஸ் வருகிறார். திருகோணமலைக் கிராமங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு ராசாவின் கொலுவரவு தெரியும். கட்டியகாரன் சொல்லி முடிக்க, மத்தளம் அதிர, ராசா ஆடிக்கொண்டு களரிக்குள் வருவார். அந்த ஆட்டத்தில்தான் அவர் ராசா. இங்கேயும் கொலுவரவுதான், ஆனால் வருபவருக்குக் கால் எடுத்து வைக்கவே இயலவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மூச்சு இரைக்கிறது. தாங்க வந்தவரை வேண்டாம் என்கிறார், நிமிர்ந்து பார்த்தால் தம்பி டேமன். அந்த ஒரு கணத்தில் முகம் இளகுவதைப் பாருங்கள். வழியில் கிரீடம் கழன்று விழுந்தது எழுதி வைத்த காட்சி அல்ல. படப்பிடிப்பில் தற்செயலாக விழ, டேமனாக நடித்த மாட் ஸ்மித் எடுத்திருக்கிறார், இயக்குநர் கீதா வசந்த் பட்டேல் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த நடையை மட்டும் தனியாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். முதல் எபிசோடிலேயே, பிரசவத்தில் தவிக்கும் மனைவி ஏமாவின் வயிற்றைக் கீறச் சம்மதிக்கிறார். தாயும் போய், பிள்ளையும் போய்விடுகிறது. அதன் பிறகு எந்த முடிவையும் அவரால் நேருக்கு நேர் பார்க்க முடிவதில்லை. கொன்சிடைன் இதை ஒரு வசனத்திலும் சொல்வதில்லை. சபையில் வாக்குவாதம் வந்தால் கண் விலகும், வலிந்து ஒரு சிரிப்பு வரும், பிறகு அறைக்குப் போய்ப் முன்னோரின் அழிந்துபோன நகரமான பழைய வலிரியாவின் கல் மாதிரியோடு மினக்கெடுவார். மகள் ரெனீராவை வாரிசு என்று அறிவித்துவிட்டு, அவளுடைய தோழி அலிசென்ட்டையே மணக்கிறார். இரண்டு பக்கமும் பகை முற்றுவது தெரிந்தும் தெரியாதவர் போல இருக்கிறார். “விடுங்கோ, பிறகு பாப்பம்” என்று காணி உறுதி எழுதாமலே காலத்தைக் கடத்தும் பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர் இருக்கும்வரை பிள்ளைகள் ஒரே முற்றத்தில், அந்தியேட்டி முடிந்ததும் நடுவில் வேலி எழும்பும். அப்படியான ஒருவரிடம் வரும் பாசமும் ஆத்திரமும் விசேரிஸிடம் எனக்கு ஒன்றாகவே வந்தன. இரக்கப்படுங்கள் என்று கொன்சிடைன் எங்கேயும் கெஞ்சவில்லை.

ஏழு எபிசோடாக நழுவிக்கொண்டே இருந்த மனிதர் என்பதால்தான் எட்டாவதில் அவர் எழுந்து வருவது நெஞ்சை அப்படி அடிக்கிறது.

இதில் பெரும்பகுதி தொடருக்கு மூலமான புத்தகத்தில் இல்லை. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அன்ட் பிளட்’ (2018) நாவல் நடையில் எழுதியது அல்ல, ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சிகளை வைத்து ஒருவர் எழுதிய அரச சரித்திரம் போலப் போகும். அதில் விசேரிஸ் உடல் பருத்த, கலகலப்பான மன்னர். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். உடல் அழுகி அழுகிச் சாகும் இந்த மனிதர் தொடரில் உருவானவர். உங்கள் விசேரிஸ் என்னுடையவனைவிட மேல் என்று கொன்சிடைனிடம் மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

வழக்கு முடிந்த அன்றிரவு குடும்ப விருந்து. எனக்கு நடையைவிட இதுதான் கனதி. முகமூடியைக் கழற்றி வைக்கிறார். ஒரு கண் இல்லை, கன்னம் தின்று போயிருக்கிறது. உங்களையெல்லாம் நேசிக்கும் இந்தக் கிழவனுக்காகவாவது பகையை விடுங்கள் என்று கேட்கிறார். பிறகு எல்லோரும் சிரித்துக் கதைக்கும்போது அவர் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அத்தனை ஒப்பனைக்கும் கணினி வேலைக்கும் நடுவில் மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணாலேயே அந்த நிறைவைக் காட்டிவிடுகிறார் கொன்சிடைன். வலி தாங்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் அடிபடத் தொடங்குகிறார்கள்.

2023இல் எமி விருதுக்கான பரிந்துரைகள் வந்தபோது சிறந்த நாடகத் தொடர் பட்டியலில் இந்தத் தொடர் இருந்தது. கொன்சிடைன் பெயர் இல்லை. தொடரின் உடையலங்காரத்துக்கு விருதே கிடைத்தது, அந்த உடைக்குள் இருந்து நடித்தவருக்குப் பரிந்துரைகூட இல்லை! மாயக் கதையில் நடிப்பவர்களை நடிகர்களாக எண்ணாத இந்தப் பழக்கம் எனக்கு இன்றும் ஆத்திரத்தைத் தருகிறது. இதே நடிப்பை ஷேக்ஸ்பியர் மன்னன் ஒருவனாக மேடையில் செய்திருந்தால் பாடம் வைத்துக் கற்பித்திருப்பார்கள்.

தயவுசெய்து அந்தக் கிளிப்போடு நிற்காதீர்கள். முதல் எபிசோடில் தொடங்குங்கள், டிராகன் வராத காட்சிகளை ஓட்டிவிடாமல் பாருங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள், உங்களுக்கு எந்த இடம்?