படிவத்தின் கடைசி வரி

இரண்டு நாளாக எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பள்ளிச் சுற்றுலாவில் மலையேறும்போது மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அந்தப் பையன் நல்லபடியாக வீடு திரும்பட்டும், அது போதும் என்று நினைத்தேன். நேற்று மாலை பள்ளி நிர்வாகம் வெளியிட்ட விளக்கத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நாலு வாட்ஸ்அப் குழுவிலாவது பார்த்திருப்பீர்கள்.

"பயணத்துக்கு முன் எல்லாப் பெற்றோரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து பெறப்பட்டுள்ளது." முதல் வாக்கியமே இதுதான். பையன் எப்படி இருக்கிறான் என்பது நான்காவது பத்தியில் வருகிறது. அதுவும் அரை வரி.

அவனுக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று அதே படிவத்தில்தான் வீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஹேலரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த இன்ஹேலர் பேருந்துக்கு அடியில், பெட்டி வைக்கிற இடத்தில், பூட்டிக் கிடந்தது. பேருந்து மலையடிவாரத்தில், பையன் மேலே. மூச்சு வாங்குகிறது என்று அவன் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "எல்லாருக்கும்தான் வாங்குது, நட." கூட நடந்த பிள்ளைகள் சொன்னது இது. அதற்கப்புறம் மூன்று நாள் ஐசியூ.

சரி, சட்டமே பேசுவோம். முதலில் சட்டம் பேசியது நிர்வாகம்தானே.

பெற்றோர் போட்ட கையெழுத்து, பிள்ளையைப் பயணத்துக்கு அனுப்பச் சம்மதம். பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதற்குச் சம்மதம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள வக்கீலுக்குப் படிக்க வேண்டாம். 'இன் லோகோ பேரண்டிஸ்' என்று நீதிமன்றங்கள் சொல்வது, பெற்றோரின் இடத்தில் இருப்பவர் என்பதைத்தான். 1893-லேயே இங்கிலாந்தில் ஒரு வழக்கில் சொல்லிவிட்டார்கள்: கவனமுள்ள ஒரு தகப்பன் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுபோல் ஆசிரியர் மாணவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் தகப்பன் மூச்சுத்திணறல் உள்ள பிள்ளையை மலையேற்றிவிட்டு மருந்தைக் கீழே பூட்டி வைப்பான்?

அமெரிக்காவில் நடந்த ஹாட்ச்கிஸ் பள்ளி வழக்கைத் தேடிப் படித்துப் பாருங்கள். கனெக்டிகட் மாநிலத்து உறைவிடப் பள்ளி அது. 2007-ல் மாணவர்களைச் சீனாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மலையில் சில பிள்ளைகள் கேபிள் கார் வேண்டாம் என்று நடந்தே இறங்கினார்கள். அவர்களில் ஒரு 15 வயதுப் பெண்ணுக்கு, உண்ணிக்கடியால் பரவும் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் பேச்சு போய்விட்டது. பள்ளி எந்த அழகில் எச்சரித்திருந்தது தெரியுமா? பூச்சி விரட்டி என்பது கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில், 'இதர' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையத்தின் இணையப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்திருந்தார்கள், அது மத்திய அமெரிக்காவைப் பற்றிய பக்கத்துக்குப் போனது. பிள்ளைகள் போனது சீனாவுக்கு!

2013-ல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) 4.15 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் அங்கேயும் இருந்தது. அது பள்ளியைக் காப்பாற்றவில்லை. இவ்வளவு அரிதான நோயை யார் எதிர்பார்ப்பார்கள் என்றும் வாதாடிப் பார்த்தார்கள். நோய் அரிதுதான், ஆனால் வந்தால் விளைவு பயங்கரம், தடுப்பதோ சுலபம், அதனால் எச்சரித்துப் பாதுகாக்க வேண்டியது பள்ளியின் கடமைதான் என்று 2017-ல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஜூரியின் தீர்ப்பு நின்றது. அது ஓர் உண்ணி. வருகிறது என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை. இங்கே ஆஸ்துமா என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், நீல மையில்.

'அமெரிக்கக் கதையெல்லாம் இங்கே எடுபடாது' என்று ஒருவர் வருவார் என்று தெரியும். 1995-ல் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன ஒரு பள்ளியின் 14 பிள்ளைகள் பியாஸ் நதியில் மூழ்கிப்போனார்கள். தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உத்தரவை இந்திய உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது. ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்றது. போதுமா?

'ஏற்பாடு செய்தது டிராவல்ஸ் கம்பெனி' என்பது அடுத்த சாக்கு. நீச்சல் வகுப்பை வெளியாளிடம் ஒப்படைத்துவிட்டோம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இங்கிலாந்தில் சொல்லிப் பார்த்தார்கள். மூளை பாதிக்கப்பட்டது 10 வயதுப் பிள்ளைக்கு. வேலையை வேண்டுமானால் வெளியே கொடுக்கலாம், கடமையைக் கொடுக்க முடியாது என்று 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி ஆசிரியர்கள். நேற்று ஓர் ஆசிரியை நட்புப் பட்டியலிலிருந்து என்னை நீக்கிவிட்டார். போகட்டும். ஐம்பது பிள்ளைகளை இரண்டு பேர் கட்டி மேய்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். மருந்து கொடுக்கத் தெரியாது, பயமாக இருக்கிறது என்பதும் நியாயம்தான். ஆனால் இரண்டு பேரை மட்டும் அனுப்பியது யார்? இன்ஹேலரைப் பிள்ளையின் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பத்து நிமிடம் சொல்லிக் கொடுக்காதது யார்? ஆசிரியர்மீது இருக்கிற கோபத்தைவிட, அவரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று படிவம் காட்டுகிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

'இப்படியே வழக்கு வழக்கு என்றால் பள்ளிகள் சுற்றுலாவையே நிறுத்திவிடும்' என்கிறார்கள். நிறுத்தக்கூடும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் நிறுத்துவார்கள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு பிள்ளையை அனுப்ப வேண்டும் என்றால், அது எனக்குப் புரியவில்லை.

அப்புறம், 'உடம்பு சரியில்லாத பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள்' என்ற கேள்வி. அந்த விளக்கத்துக்குக் கீழே இதைக் கேட்டவருக்கு 140 லைக்.

என் மகளுக்கு ஆறு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். இனிப்பு தின்று வந்தது இல்லை, தயவுசெய்து அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை, வெளியிலிருந்து போட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். மற்றபடி என்னைவிட வேகமாக ஓடுவாள். மூன்று வருடம் முன்பு முதல் சுற்றுலா. ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். சுகர் 70-க்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ் 15 கிராம், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கை நடுங்கினால், வியர்த்தால், பேச்சு குழறினால் தனியாக விடக் கூடாது. இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கக் கூடாது. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

தாளைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். "ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. நீங்களும் கூட வர்றதுன்னா வரட்டும், இல்லைன்னா வீட்லயே இருக்கட்டும்." போனேன். அலுவலகத்தில் விடுப்பு எடுத்து, சம்பளம் பிடித்து, போனேன். அம்மாவோடு வந்த ஒரே பிள்ளை என் மகள். அவள் தோழிகள் கடைசி இருக்கையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் என் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அடுத்த தடவை எனக்கு இது இருக்குன்னு சொல்லாம போலாமாம்மா?"

பெற்றோர் நோயை மறைக்கிறார்கள், அதனால்தான் பிரச்சினை என்று எழுதுகிறவர்களே, சில பெற்றோர் மறைக்கத்தான் செய்கிறார்கள். அது தவறு, ஆபத்து, சந்தேகமே இல்லை. ஆனால் சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். நான் சொன்னேன், என் மகளைத் தனியாக உட்கார வைத்தார்கள். அந்தப் பையனின் அம்மா சொன்னாள், மருந்தைப் பூட்டி வைத்தார்கள். சொன்னாலும் உன் தப்பு, சொல்லாவிட்டாலும் உன் தப்பு. பள்ளியின் தப்பு என்று ஒன்று எப்போதுதான் வரும்?

நான் ஏதோ பெரிதாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து, அது இப்போது யார் கையில் இருக்கிறது, பக்கத்து மருத்துவமனை எங்கே, யார் கூட்டிப்போவார். இது தெரியாமல் வண்டி கிளம்பக் கூடாது. அறை எண்ணும் சாப்பாட்டு நேரமும் இவ்வளவு துல்லியமாக அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அதே தாளில் இடமா இல்லை?

மகளின் இந்த வருடப் படிவம் போன வாரம் வந்தது. கடைசி வரி அதே வரிதான்: "பயணத்தின்போது மாணவரின் உடல்நலத்துக்கு ஏற்படும் எந்தப் பாதிப்புக்கும் பள்ளி பொறுப்பாகாது." அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பின்னால் அந்தப் பழைய தாளையே நகலெடுத்து இணைத்தேன். வாங்கிக்கொண்டவர் முகம் மாறியது. "நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்றோம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை பயணம். இன்னும் சொல்லவில்லை.