உயரமான பிள்ளை தானே

"மகனுக்கு வெள்ளைச் சேட்டும் ரையும் போட்டு ஏழரைக்கே அனுப்பிவிடுங்கோ அம்மா. கேற்றில நிண்டு பன்னீர் தெளிக்கிறதுக்கு அவரைத்தான் எடுத்திருக்கிறம். உயரமான பிள்ளை தானே."

வியாழன் இரவு மகனின் பாடசாலையிலிருந்து வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு இது. மூன்று தரம் கேட்டேன். நான்காம் தரம் இவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "ஓம், உயரம் தானே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டார். இந்த மனிசனைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும்.

விழா யாருக்கு? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிய ஆறு பேருக்கு. என் மகன் தாண்டவில்லை. இரண்டு புள்ளி குறைவு. 200 புள்ளிப் பரீட்சையில், கிளிநொச்சி மாவட்டத்துக்கென்று கீறிய கோட்டுக்கு இரண்டே இரண்டு புள்ளி கீழே. அதனால் அவன் வாசலில் நின்று, ஓகஸ்ட் மாதம் வரை தன்னிடம் அழிறப்பர் கடன் வாங்கிய பெடியனுக்குப் பன்னீர் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு வினாத்தாளிலும் 35க்குக் குறையாமல் மொத்தம் 70 எடுத்தாலே பரீட்சைத் திணைக்களம் சித்தி என்று சான்றிதழ் தருகிறது. எங்கள் பாடசாலை பன்னீர்ச் செம்பு தருகிறது.

போன முறை, 2024இல், முன்கூட்டியே வெளியே வந்துவிட்ட மூன்று கேள்விகளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சும்மா புள்ளி கொடுத்தார்கள். இந்த வருடமும் ஒரு கேள்வியையாவது யாரும் வெளியே விட்டிருக்கக் கூடாதா? எல்லோருக்கும் கொடுத்தால் கோடும் சேர்ந்து ஏறும் என்று எனக்கும் தெரியும். கணக்கு விளங்குகிற நேரமா இது?

இதற்காக நாங்கள் பட்ட பாடு வீட்டில் ஒரு உரப்பை நிறையக் கிடக்கிறது. அவ்வளவும் மாதிரி வினாத்தாள். நான்காம் தரத்தில் தொடங்கிய ரியூசன். தகரக் கொட்டிலுக்குள் நாற்பது பிள்ளைகள், ஒரு காற்றாடி, அதுவும் ரீச்சர் பக்கம் திருப்பி. பரீட்சை கிட்ட வந்ததும் ரியூசன், கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் நள்ளிரவு முதல் தடை என்று வழக்கம்போல அறிவித்தார்கள். "இந்தத் தடையை வருசம் முழுக்கப் போட்டா என்ன அம்மா?" என்று மகன் கேட்டான். மண்ணெண்ணெய் குடித்தவள் மாதிரி நின்றேன்.

சரி, விழாவுக்கு வருவோம். எட்டு மணி என்றார்கள். ஏழரையிலிருந்து பிள்ளை கேற்றில். எட்டரை. ஒன்பது. பிரதம விருந்தினர் "பரந்தன் தாண்டியாச்சு" என்றார்கள். ஒன்பதே முக்காலுக்கும் அவர் பரந்தனைத்தான் தாண்டிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு ரீச்சர் வந்து, "பன்னீரை இப்பவே முடிச்சுப் போடாதேங்கோ அப்பன்" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார். என் பிள்ளை வெயிலில். பத்தே காலுக்கு வாகனம் வந்தது. பாண்ட் முழங்கியது. ஆறு பேரும் மாலையோடு நடந்தார்கள், அவர்களுடைய அம்மாமார் பட்டுச்சேலையோடு. அந்த மாலைக்கு நானும் ஆயிரம் ரூபாய் "அன்பளிப்பு" கொடுத்திருந்தேன் என்பதை இந்த இடத்தில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பிறகு மங்கள விளக்கு. சோளகம் வீசுகிற காலத்தில் திறந்த மேடையில் குத்துவிளக்கு வைக்கலாமா என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை. பிரதம விருந்தினர் ஏற்றினார், அணைந்தது. அதிபர் ஏற்றினார், அணைந்தது. திரிக்குத் திரி கற்பூரம் வைத்தார்கள். நான்கு பேர் சால்வையை விரித்துக் காற்றை மறைத்தார்கள். ஐந்து திரி எரிய இருபது நிமிடம். அறுபது கேள்விக்கு விடை எழுதப் பிள்ளைகளுக்கு ஒரு மணியும் பதினைந்து நிமிடமும்.

பிரதம விருந்தினரின் பேச்சு நாற்பத்திரண்டு நிமிடம். நேரம் பார்த்தேன். தான் குப்பி விளக்கில் படித்து முன்னுக்கு வந்தாராம். அண்ணை, நானும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன். தொண்ணூறுகளில் வன்னியில் வேறு எந்த விளக்கு இருந்தது? எனக்கு யாரும் மைக் தரவில்லையே. அதோடு, இந்தப் புலமைப்பரிசிலே, இலவசக் கல்வி கொண்டுவந்த கன்னங்கரா காலத்தில் கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போய்ப் படிக்கட்டும் என்று வந்த உதவி. உதவிக்கு எதற்கு பாண்ட், கேற்றுக்கு மேலே எதற்குப் பதினைந்து அடிப் பனர்?

பேச்சின் நடுவில், "இதில ஆர் ஆர் டொக்டரா வரப்போறீங்கள்?" என்று கேட்டார். முன்வரிசையில் ஆறு கை எழுந்தன. கேற்றடியில் ஏழாவதாக ஒரு கை. செம்போடு தூக்கிவிட்டான். பன்னீர் கைவழியே வழிந்து சேட்டின் கக்கத்துக்குள் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கைப்பையைத் திறந்து அதற்குள் எதையோ தேடினேன்.

வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் ஒருவரும் கதைக்கவில்லை. ஏ9இல் ஏறியபோது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து குரல் வந்தது: "அம்மா, அந்தப் பெரிய சேருக்கு ரெண்டு தரம் தெளிச்சனான். ரெண்டாம் தரம் கண்ணுக்கு." இவர் பிரேக் பிடித்துவிட்டார். ரோட்டோரமாக நிறுத்தி வைத்துவிட்டு மூன்று பேரும் சிரித்தோம். கச்சான் விற்கிற அக்கா எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் முற்றமெல்லாம் குரும்பட்டி. குரங்குகள். இருந்த ஒரு குலையும் போச்சு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிரை அழிக்கிற மிருகங்களைக் கணக்கெடுக்கவென்று நாடு முழுக்க 5 நிமிடம் குரங்கு எண்ணச் சொன்னார்களே, நாங்களும் படிவத்தோடு முற்றத்தில் நின்றோம். அந்த ஐந்து நிமிடமும் ஒன்றுகூட வரவில்லை. பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தோம். எட்டுப் பத்துக்குப் பதினேழு வந்தது.